மூசாம்பரம்: கல்முனைக் கரையில் ஓர் அரபுச் சொல்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் அம்பாறைக் கரையோரத்துப் பழைய வளவுகளிலே கிணற்றடிக்கு அருகில் கற்றாழை நிற்கும். மணல் நிலம் அதற்குப் போதும். எவரும் நீரூற்றி வளர்க்க வேண்டியதில்லை. கண்ணாடி போன்ற அதன் சோற்றை எண்ணெயிற் காய்ச்சித் தலைக்கு வைப்பதும், அடுப்படியிற் சுட்ட கைக்கும் வெயில் பட்ட முகத்துக்கும் பூசுவதும் நம் உம்மம்மாமார் அறிந்த வைத்தியம். ஆனால், கடல் கடந்து விலைபோன சரக்கு இந்தச் சோறு அன்று. இலைத் தோலுக்கு அடியில் ஊறும் மஞ்சள் நிறக் கசப்புப் பாலே.

அப்பாலை வடித்துக் காய்ச்சினால் கரிய கட்டியாகும். கரியபோளம் என்பர். மருந்துச் சரக்குக் கடையில் மூசாம்பரம் என்று கேட்டாற் கொடுப்பர். சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் பற்றுப் போடுவது இதைத்தான். மூசாம்பரம் என்பது அரபியின் 'முஸப்பர்'. அதன் வேர், கற்றாழையைக் குறிக்கும் 'ஸபிர்'. பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ர்' என்ற சொல்லுக்கும் எழுத்துகள் அவையே. இக்கசப்பை நாவில் வைத்தவர்களுக்கு அந்த உறவை விளக்க வேண்டியதில்லை.

கி.பி. முதலாம் நூற்றாண்டின் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த எரித்திரையக் கடற் பயணநூல், இன்றைய யேமன் கரையிலிருந்த கனே துறைமுகத்திலிருந்து குந்திரிக்கத்துடன் கரியபோளமும் ஏற்றுமதியானதைச் சொல்கிறது. ஸொகோத்ரா தீவின் கற்றாழைக்காகவே அலெக்ஸாண்டர் அத்தீவைக் கைப்பற்றினான் என்று அரபுப் புவியியலாளர்கள் எழுதினர். அதை நான் கதையாகவே கொள்கிறேன். நம் வளவுக் கற்றாழையின் நெருங்கிய உறவுச் செடிகள் அரேபியத் தீபகற்பத்துக்கு உரியவை என்று 2015இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. எனினும், செடியை நம் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அரபு வணிகர்களே என்று சொல்ல நான் துணியமாட்டேன். வடமொழி வைத்தியம் அதைக் குமாரி என்கிறது; சித்த வைத்தியத்துக்கு அது குமரி; சிங்களத்தில் கோமாரிக்கா. சரக்கின் பெயர் மட்டும் அரபு.

முகப்பூச்சாக அதன் பழமைக்கு அபூதாவூத் தொகுப்பிலுள்ள ஒரு ஹதீஸைச் சொல்வர். கணவரை இழந்து இத்தாவிலிருந்த உம்மு ஸலமா (ரலி) கற்றாழை பூசியிருந்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அது முகத்துக்குப் பொலிவு தரும் என்பதால் இரவில் மட்டும் பூசிப் பகலில் நீக்குமாறு கூறினார்கள் என்பது அதன் சாரம். மருந்தா அலங்காரமா என்ற கேள்வி அன்றே எழுந்திருக்கிறது.

நவீன மருத்துவம் கற்றாழைச் சோற்றைக் கவனித்தது மிகப் பிந்தியே. எக்ஸ் கதிர் பட்டுப் புண்ணான தோலுக்குப் பச்சை இலை பயன்பட்டதாக 1935இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவக் குறிப்பு வெளியானது. பின்னர் சவர்க்காரம், களிம்பு, குடிபானம் என்று போத்தல்கள் பெருகின. கசப்புப் பாலின் கதை வேறு. மருந்துச்சீட்டின்றி விற்கும் மலமிளக்கிகளில் அது சேர்வதை அமெரிக்க அரசு 2002இல் நிறுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகமோ, எலிகளில் கண்ட விளைவைக் கொண்டு, முழு இலைச் சாற்றைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. கருவுற்ற பெண்களுக்கு அப்பாலைக் கொடுக்கலாகாது என்பது பழைய வைத்தியர்களும் சொல்லிவந்ததுதான்.

இன்று நம்மூர்ப் பிள்ளைகள் காணொளி பார்த்து முழு இலையையும் தோலோடு அரைத்துக் குடிக்கிறார்கள். உம்மம்மா அப்படிச் செய்ததில்லை. இலையை அடியோடு நறுக்கி, வெட்டுவாய் கீழே இருக்கச் சுவரிற் சாய்த்து வைப்பார். மஞ்சட் பால் வடிந்து ஓயும் வரை வேறு வேலை பார்ப்பார். பிறகுதான் தோலைச் சீவி, சோற்றை ஏழு தண்ணீரில் அலசுவார்.