அமெரிக்கக் கதவு யாரால் திறந்தது?



நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. "நாம படிப்பால போனவங்க, மத்தவங்க மாதிரி இல்ல" என்கிறார்கள். அமெரிக்காவில் இருப்பவர்களும் சொல்கிறார்கள், பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டுக் காரைக்காலில் இருப்பவர்களும் சொல்கிறார்கள். "மத்தவங்க" என்பது சில நேரம் மெக்சிகோக்காரர்களைக் குறிக்கும், பல நேரம் கறுப்பின மக்களைக் குறிக்கும். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

முதலில் நம் ஊர்க் கதை. 1954 நவம்பர் 1-ல் காரைக்கால் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது. அதன்படி இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானாம் எல்லாம் சேர்த்துச் சுமார் 5,000 பேர்தான் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில், அதே பள்ளிக்கூடத்தில் படித்து, அதே மாங்கனித் திருவிழாவில் நின்றவரின் பேரன் இங்கே இருக்கிறான். சொல்தா வீட்டுப் பிள்ளை அறிவாளி, பக்கத்து வீட்டுப் பிள்ளை மக்கு என்று காரைக்காலில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு சட்டம் இருந்தது, அதில் ஒரு வழி இருந்தது, அந்த வழியில் போக முடிந்தவர்கள் போனார்கள். பிரான்ஸ் விஷயத்தில் நமக்கு இவ்வளவு தெளிவாகப் புரிவது, அமெரிக்கா என்றதும் ஏன் மறந்துபோகிறது?

1965-க்கு முன் அமெரிக்கச் சட்டம் எப்படி இருந்தது என்று பாருங்கள். 1917-ல் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதி மக்கள் குடியேறத் தடை வந்தது. 1923-ல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் வழக்கில், இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்ல, எனவே குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் அவர் முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். 1924-ல் வந்த சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒதுக்கீடு வைத்தது. வட ஐரோப்பியர்களுக்குத் தாராளம், தென் ஐரோப்பியர்களுக்குக் கொஞ்சம், ஆசியர்களுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. 1946-ல் இந்தியர்களுக்குக் குடியுரிமைத் தடை நீங்கியது. கூடவே வருடத்துக்கு இத்தனை இந்தியர்கள் குடியேறலாம் என்று ஓர் எண்ணிக்கையும் வந்தது. எத்தனை தெரியுமா? 100 பேர். முழு இந்தியாவுக்கும் சேர்த்து 100 பேர்.

அப்போது நம்மிடம் அறிவு இல்லையா? வானியல் அறிஞர் சுப்ரமணியன் சந்திரசேகர் 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். அவர் சேர்ந்தபோது அமெரிக்கக் குடிமகனாக விரும்பியிருந்தாலும் சட்டம் இடம் கொடுத்திருக்காது. 1953-ல்தான் அவர் குடிமகன் ஆனார். சந்திரசேகருக்கே அந்த நிலை என்றால், படிப்பு மட்டும் கதவைத் திறக்காது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கதவைத் திறந்தது எது? 1955-ல் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனார்கள். 1963-ல் வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள், உயிரையும் கொடுத்தார்கள். 1964 ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. நிறம் பார்த்து ஓட்டுரிமையை மறுப்பது தவறு என்று ஒப்புக்கொண்ட நாடு, பிறந்த நாட்டைப் பார்த்து விசா மறுப்பதை எப்படி நியாயப்படுத்தும்? அதே ஆண்டு அக்டோபர் 3-ல், சுதந்திர தேவி சிலையின் அடியில் உட்கார்ந்து அதிபர் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பழைய இன ஒதுக்கீடு போனது. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா எல்லாவற்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு 1,70,000 விசா, எந்த ஒரு நாட்டுக்கும் 20,000-க்கு மேல் கிடையாது என்று விதி வந்தது. 100 எங்கே, 20,000 எங்கே!

அந்தப் போராட்டத்தை நடத்திய மார்ட்டின் லூதர் கிங், காந்தியிடமிருந்து கற்றதாகச் சொன்னவர். 1959-ல் இந்தியாவுக்கும் வந்து போனார். நமக்குத் தெற்கே, நாகை தாண்டி வேதாரண்யத்தில் 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளினார்களே, அந்த வழிதான் அங்கே போய்க் கறுப்பின மக்களின் கையில் ஆயுதமானது. திரும்பி வந்தபோது நமக்கு விசாவாக வந்தது.

இதை உணர்ந்த தமிழ்ப் பெண் ஒருவர் நம் டெல்டாவோடு தொடர்புள்ளவர். மன்னார்குடி அருகே துளசேந்திரபுரம் பி.வி.கோபாலனின் பூர்வீக ஊர். அவர் மகள் சியாமளா 1958-ல், 19 வயதில், பெர்க்லியில் மேல்படிப்புக்குப் போனார். அங்கே கறுப்பின மாணவர்களின் வட்டத்தில் சேர்ந்தார், ஊர்வலங்களில் நடந்தார். மகள் கமலா 2021-ல் துணை அதிபரானபோது துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்ததும் பட்டாசு வெடித்ததும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவருடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். நான் சொல்ல வருவது அம்மாவைப் பற்றி. "நான் வேறு, அவர்கள் வேறு" என்று அவர் நினைக்கவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். நமக்குக் கதவைத் திறந்த அதே சட்டம்தான் மெக்சிகோ பக்கம் கதவை ஒடுக்கியது. 1942 முதல் 1964 வரை மெக்சிகோ விவசாயக் கூலிகளை அமெரிக்க அரசே ஒப்பந்தம் போட்டு வரவழைத்தது. 40 லட்சத்துக்கும் மேல் ஒப்பந்தங்கள். 1964-ல் அந்தத் திட்டம் நின்றது. 1965 சட்டம் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகளுக்கு முதன்முறையாக வருடத்துக்கு 1,20,000 என்று உச்சவரம்பு வைத்தது. தோட்டத்து வேலை நிற்கவில்லை, ஆள் தேவையும் குறையவில்லை, காகிதம்தான் கிடைக்காமல் போனது. நேற்றுவரை சட்டப்படி வந்தவன் இன்று சட்டவிரோதி ஆனான். 1986-ல் ரீகன் ஆட்சியில் வந்த சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குப் பின்னர் காகிதம் கொடுத்தது. ஆக, அவன் சுவர் ஏறிக் குதித்தவன், நாம் வாசல் வழியாகப் போனவர்கள் என்று சொல்லுமுன், வாசலை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர்கள் யார் என்று யோசிக்க வேண்டும்.

நம்மவர்களைத் தேர்ந்தெடுத்ததிலும் அமெரிக்காவின் தேவை இருந்தது. 1965-லேயே முதியோருக்கான மெடிகேர் திட்டம் வந்தது, டாக்டர்கள் தேவைப்பட்டார்கள். சென்னையிலும் தஞ்சையிலும் மருத்துவம் படித்தவர்கள் போனார்கள். அந்தப் படிப்புக்குச் செலவழித்தது இந்திய அரசு, அதாவது இங்கே வரி கட்டிய ஏழை பாழைகள். அமெரிக்காவில் இந்தியாவில் பிறந்தவர்கள் 1970-ல் சுமார் 51,000 பேர். 1980-ல் 2 லட்சம். 2000-ல் 10 லட்சத்தைத் தாண்டியது.

1977-ல் பிட்ஸ்பர்க் அருகே வேங்கடேஸ்வரர் கோயில் எழுந்தது. உங்களில் பலர் தரிசித்திருப்பீர்கள். அதே வருடம் அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், யங்ஸ்டவுன் நகரில், பெரிய இரும்பாலை மூடுவதாக ஒரு திங்கட்கிழமை அறிவித்தார்கள். சுமார் 5,000 பேருக்கு வேலை போனது. பிறகு வரிசையாக ஆலைகள் மூடின. 1981-ல் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ரீகன் ஒரேயடியாக நீக்கினார், தொழிற்சங்கங்களின் முதுகெலும்பு முறிந்தது. 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம். அந்தக் கோபம் யார்மேல் இறங்கியது? அதே வருடம் டெட்ராய்ட்டில், ஜப்பான் கார்களால் வேலை போகிறது என்ற ஆத்திரத்தில் சீன வம்சாவளி இளைஞர் வின்சென்ட் சின்னை இருவர் அடித்துக் கொன்றார்கள். அபராதமும் நன்னடத்தைக் காவலும்தான் தண்டனை, ஒரு நாள்கூடச் சிறையில்லை. 1987-ல் ஜெர்சி சிட்டியில் 'டாட் பஸ்டர்ஸ்' என்ற கும்பல் நெற்றியில் பொட்டு வைத்தவர்களைத் தேடி அடித்தது. அடிக்க வந்தவன் உங்கள் பட்டச் சான்றிதழைக் கேட்கவில்லை.

பிறகு உங்கள் காலம். 1984-க்குப் பின் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. 1990 நவம்பரில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டம் ஹெச்-1பி விசாவை உருவாக்கியது, வருடத்துக்கு 65,000. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பிவிடும் என்ற ஒய்2கே பயம் வந்தது, ஆள் தேவைப்பட்டது. எண்ணிக்கை 1,15,000 ஆகி, பிறகு 1,95,000 ஆனது. வேலை குறைந்ததும் 2004-ல் மறுபடி 65,000-க்கு இறங்கியது. 2001-க்கும் 2004-க்கும் இடையில் நம் பிள்ளைகளின் மூளை மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டதா?

இன்று உங்களில் பலர் கிரீன் கார்டு வரிசையில் பத்துப் பதினைந்து வருடமாக நிற்கிறீர்கள். எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதிதான் காரணம். அந்த விதி 1965-ன் "எல்லா நாட்டுக்கும் ஒரே வரம்பு" என்பதன் வாரிசு. இனப் பாகுபாட்டை ஒழிக்க வந்த சமத்துவம், கூட்டம் அதிகமுள்ள நாட்டுக்காரனுக்கு வரிசையாகிவிட்டது. உங்கள் வேதனை எனக்குத் தெரியும். ஊரில் தகப்பனார் இறந்தும், திரும்பி உள்ளே போக முடியுமோ என்ற பயத்தில் வராமல் இருந்த பிள்ளைகளின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவன் நான். அதனால்தான் சொல்கிறேன். "நாங்கள் நல்லவர்கள், எங்களை மட்டும் விடுங்கள்" என்று கேட்பதால் சட்டம் மாறியதாக வரலாற்றில் நான் படித்ததில்லை. 1965-ல் மாறியது, தங்களுக்காக மட்டும் கேட்காதவர்களால்.

உங்கள் படிப்பையும் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்கள் விடைத்தாளைத் திருத்தியவன் எனக்குத் தெரியாதா? ஒரு வேலை மட்டும் தருகிறேன். வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு 2011-ல் திறந்த நினைவிடம் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். நம் குடும்பம் இந்த நாட்டுக்கு வந்ததில் இவருக்கும் பங்கு உண்டு என்று தமிழில் சொல்லுங்கள். போனவர்கள் எனக்குப் படம் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார், காரைக்கால்