சக்கையில் பிறந்த சாமர்த்தியம்

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையின் காற்றைச் சுவாசித்து வாழ்கிறவர்களுக்குக் கழிவு என்ற சொல்லில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. கரும்புச் சக்கை கொதிகலனுக்கு எரிபொருளாகும். மிஞ்சிய பாகு சாராயமாகும். ஆகவே, கழிவில் ஆதாயம் கண்ட அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கதையைப் படித்தபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை. கதையின் பிற்பகுதிதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

அந்தக் கம்பெனியின் பெயர் லெடர்லே. அதன் ஆராய்ச்சித் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் காலத்தில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து டக்கர் என்ற முதியவர் ஆரியோமைசின் மருந்தைக் கண்டுபிடித்தார். 1948-ல் அதை உலகம் அறிந்தது. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார்.

அங்கே ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டட் என்ற இருவர், மருந்தை வடித்த பிறகு மிஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தின்னக் கொடுத்தார்கள். அவர்கள் நாடியது பி-12 வைட்டமினை. குஞ்சுகளோ அந்தக் கணக்கையும் மீறி வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த மருந்தே காரணம்! 1950-ல் செய்தி வெளியாயிற்று. அப்புறம் கேட்க வேண்டுமா? நோயே இல்லாத கோழிக்கும் பன்றிக்கும் தினந்தோறும் மருந்துச் சோறு.

கோழியின் குடலில் கோடானுகோடி கிருமிகள் குடியிருக்கின்றன. சொற்ப மருந்து நாள்தோறும் விழுந்தால், தாங்காதவை மடியும். தாங்கியவை வம்சம் வளர்க்கும். அதோடு நின்றால் பாதகமில்லை. சாதுவான குடற்கிருமி தன் எதிர்ப்புச் சக்தியைச் சீதபேதிக் கிருமிக்கும் வழங்கிவிடுகிறது என்று 1959-ல் ஜப்பானியர் கண்டார்கள். குலம் கோத்திரம் பாராத கொள்வினை கொடுப்பினை!

1976-ல் அமெரிக்க டாக்டர் ஸ்டூவர்ட் லெவி ஒரு பண்ணைச் சோதனையின் முடிவை வெளியிட்டார். மருந்துத் தீவனம் தொடங்கிய ஒரே வாரத்தில் கோழிகளின் குடற்கிருமிகள் ஏறக்குறைய எல்லாமே மருந்தை மீறின. ஐந்தாறு மாதங்களில் பண்ணை வீட்டாரின் குடலிலும் அத்தகைய கிருமிகள் பெருகின. அண்டை வீட்டாரிடம் அப்படிப் பெருகவில்லை.

ஐரோப்பா 2006-ல் வளர்ச்சிக்காக இம்மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதை முற்றிலும் நிறுத்தியது. வேறெதற்கும் அடங்காத கிருமிக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து கொலிஸ்டின். அதையும் வெல்லும், கிருமிக்குக் கிருமி தாவும் மரபணு ஒன்றைச் சீன விஞ்ஞானிகள் பன்றிகளிடம் கண்டு 2015-ல் அறிவித்தார்கள். இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்கான பிராணிகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது.

நாமக்கல் முட்டையை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாக வெந்த முட்டையில் கிருமி பிழைக்காது. நான் கேட்பது ஒன்றுதான்: கோழி சில நாள் முன்னதாகக் கொழுக்க வேண்டும் என்பதற்காக, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் பிள்ளையின் கடைசி மருந்தைச் செலவழிப்பது எந்த வீட்டுக் கணக்கில் லாபம்?