ஒற்றைப் பாதையும் ஒற்றைத் தகடும்

1874-ஆம் வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி இரவு. இங்கிலாந்தில் நாரிச், பிரண்டல் என்ற இரண்டு ரயில் நிலையங்கள். நடுவே ஒற்றைப் பாதை. பிரண்டலில் நின்ற மெயிலை அனுப்பலாம் என்று நாரிச்சிலிருந்து தந்தி போயிற்று. அது போகவில்லை என்ற நினைப்பிலே, தாமதித்து வந்த எக்ஸ்பிரஸை இங்கிருந்தும் அனுப்பிவிட்டார்கள். தவறு தெரிந்து மறுதந்தி அடித்தபோது, "மெயில் புறப்பட்டாயிற்று" என்று பதில் வந்தது. தார்ப் என்ற இடத்தில் இரண்டும் மோதின. 25 பேர் மாண்டார்கள்.

யாரும் கொலை செய்ய நினைக்கவில்லை. நினைப்புக்கும் நிஜத்துக்கும் நடுவே ஒரு தந்தி ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

1878-இல் எட்வர்ட் டையர் என்பவர் இதற்கு மாற்றுக் கண்டார். இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த இரண்டு பெட்டிகள். ஒரு பெட்டியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துவிட்டால், அது திரும்பும்வரை இரண்டிலும் வேறு தகடு வராது. தகடு கையில் இல்லாத டிரைவர் பாதையில் நுழையக்கூடாது.

1960-களில் ஹாலந்து தேசத்து அறிஞர் டைக்ஸ்ட்ராவுக்கு, கணிப்பொறிக்குள்ளும் அதே சங்கடம் தென்பட்டது. அவர் கண்ட பரிகாரத்துக்கு ரயில்வேக் கைகாட்டியின் பெயரையே, 'செமஃபோர்' என்று வைத்தார்.

இன்று பைதான் மொழியில் சிறு நிரல் எழுதும் பிள்ளைகளும் அதே பாதையில்தான் வண்டி ஓட்டுகிறார்கள். 'எஸ்.க்யூ.லைட்' என்ற கணக்கேட்டில் பலர் ஒரே சமயத்தில் படிக்கலாம், எழுதுவது ஒருவர்தான். மற்றவரைப் பைதான் ஐந்து வினாடி காக்க வைக்கும். பிறகும் வழி கிடைக்காவிட்டால், 'ஏடு பூட்டியிருக்கிறது' என்று சொல்லிக் கைவிரித்துவிடும். பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. வரலாமா? அது தகடு தர மறுக்கும் பெட்டியல்லவா?

பயப்பட வேண்டியது பூட்டுக்கு அல்ல. ஏட்டில் பத்து டிக்கெட் இருக்கிறது. இரண்டு நிரல்கள் அதைப் படிக்கின்றன. ஆளுக்கொன்று விற்று, ஆளுக்கொரு முறை 'ஒன்பது' என்று எழுதுகின்றன. விற்றது இரண்டு, குறைந்தது ஒன்று! ஒரு சத்தமும் இல்லை. பைதான் தன் வழக்கப்படி எழுதும்போதுதான் பூட்டைத் தேடும். படிக்கும் முன்பே பூட்டைக் கேட்டு வாங்குவது எழுதுகிறவரின் பொறுப்பு. 'பிகின் இம்மீடியட்' என்ற கட்டளை அதற்காகவே இருக்கிறது.

ஆனால் வாங்கிய தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விடக்கூடாது. வேலை முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும். எதிர் நிலையத்தில் ஒரு வண்டி நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.