சத்தத்துக்கு மட்டும் ஒரு குமிழ்

ரெடிஃபியூஷன் பெட்டியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் 1949இல் வந்த பெட்டி அது. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும். பின்பக்கமிருந்து ஒரு வயர் கிளம்பி, ஜன்னல் வழியாக வெளியே போய், தெருவில் ஓடும் பெரிய வயரோடு சேரும். பார்க்க வானொலி மாதிரி இருந்தாலும் அது வானொலி இல்லை. ஏரியல் கிடையாது, அலைவரிசை தேடும் முள்ளும் கிடையாது. உள்ளே ஒரு ஸ்பீக்கர், வெளியே சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். மிஞ்சிப்போனால் இரண்டு சேனல்களுக்கு நடுவே மாற்ற ஒரு சுவிட்ச். எதைக் கேட்பது என்பதை நிலையத்தில் ஒருவர் முடிவு செய்வார். எவ்வளவு சத்தமாகக் கேட்பது என்பது மட்டும் நம் கையில்.

யோங் பெங்கில் இருந்துகொண்டு பத்து பஹாட், குளுவாங், இஸ்கந்தர் புத்ரி என்று வீடு வீடாகப் போய் ஆடியோ சிஸ்டம் பொருத்துவது என் பிழைப்பு. எட்டு அறைக்கும் பாட்டு போகவேண்டும், எந்த அறையில் எது பாடவேண்டும் என்று போனில் சொன்னால் நடக்கவேண்டும். இதற்கு 'மல்டி ரூம்' என்று பேர். வாடிக்கையாளர்கள் இதை நேற்று வந்த தொழில்நுட்பமாக நினைக்கிறார்கள். பாரிட் ராஜாவில் மின்னியல் படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன், யாரும் இந்தக் கதையைச் சொல்லித்தரவில்லை. வேலைக்கு வந்தபிறகு பழைய வயரிங் முறைகளைத் தேடிப் படிக்கையில்தான் தெரிந்தது, இதற்கு நூற்று முப்பது வருஷ வரலாறு இருக்கிறதென்று. அந்த வரலாறு முழுக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: தேர்வு செய்யும் சுவிட்ச் யார் கையில்?

1893இல் புடாபெஸ்ட் நகரில் திவதார் புஷ்காஷ் என்பவர் 'டெலிஃபோன் ஹிர்மோந்தோ' என்றொரு சேவையைத் தொடங்கினார். தொலைபேசி வயர் வழியே வீடுகளுக்குச் செய்தி, பங்குச் சந்தை விலை, பிறகு ஓப்பரா இசை. வானொலி ஒலிபரப்பு என்ற ஒன்று உலகத்தில் பிறப்பதற்கு முன்பே ஒரு நகரத்தின் பல வீடுகள் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்டன.

வானொலி வந்த பிறகும் வயர் போகவில்லை. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனுக்குப் பக்கத்தில் ஹைத் என்ற சின்ன ஊர். அங்கே மின்சாதனக் கடை வைத்திருந்த மேட்டன் என்பவர் 1925இல் தன் வானொலியிலிருந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வயர் இழுத்தார். அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டி விலை அதிகம், பேட்டரி தொல்லை வேறு. ஒரு ஸ்பீக்கர் இருந்தால் போதும், வாரக் கட்டணம் கட்டினால் பாட்டு வரும் என்றதும் ஜனங்கள் சேர்ந்தார்கள். இந்த யோசனை வேகமாகப் பரவி, 1928இல் ரெடிஃபியூஷனின் தாய் நிறுவனமும் லண்டனில் உருவானது. இதைப் பார்த்து பிபிசி கவலைப்பட்டது. வயர் இழுத்தவன் பிபிசியை நிறுத்திவிட்டு வெளிநாட்டு நிலையம் ஒன்றைப் போட்டால், அத்தனை வீடும் அதைத்தானே கேட்கும்? சண்டை ஒலியின் தரத்தைப் பற்றி இல்லை. சுவிட்சைப் பற்றி.

அதே சமயத்தில் சென்னையிலும் ஒரு பரிசோதனை நடந்தது. 1924இல் தொடங்கிய மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் மூன்றே வருஷத்தில் பணமில்லாமல் நின்றது. அதன் ஒலிபரப்புக் கருவியை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930இல் தானே ஒலிபரப்பத் தொடங்கியது. பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்காக மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். வீட்டில் பெட்டி இல்லாதவனும் பாட்டு கேட்கலாம் என்பது பெரிய விஷயம். ஆனால் கடற்கரையில் உட்கார்ந்திருப்பவன் சத்தத்தைக்கூடக் குறைக்க முடியாது. பிடிக்கவில்லைன்னா எழுந்து போகலாம், அவ்வளவுதான்.

எழுந்து போக வழியில்லாத இடங்களும் இருந்தன. மலாயாவில் 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், காட்டோரக் குடியிருப்புகளிலிருந்து பெயர்க்கப்பட்டு முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் வைக்கப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் வேலிக்குள் வந்தன. யோங் பெங், லாபிஸ், குளுவாங் காடுகள் கம்யூனிஸ்டுப் படைகள் வலுவாக இருந்த பகுதி. எங்கள் ஊர்ப் பேருக்குச் சீனத்தில் 'நிலைத்த அமைதி' என்று அர்த்தம். அந்த வருஷங்களில் அதைச் சொல்லி யார் சிரித்தார்களோ.

1950இல் ஹியூ கார்ல்டன் கிரீன் என்பவரை பிரிட்டன் இங்கே அனுப்பியது. இரண்டாம் உலகப்போரில் பிபிசியின் ஜெர்மன் மொழிப் பிரிவை நடத்தியவர், பின்னாளில் பிபிசிக்கே தலைமை இயக்குநர் ஆனவர். அவசரகாலத் தகவல் சேவையின் தலைவராக வந்தார். அந்தக் காலத்தில்தான் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ரேடியோ மலாயாவின் தமிழ் ஒலிபரப்பு பல லயங்களுக்குள் முதலில் நுழைந்தது இப்படித்தான். பாட்டும் நாடகமும் வந்தன. கூடவே சரணடைந்தவர்களின் பேச்சும் அரசாங்க அறிவிப்பும் வந்தன. இரண்டும் ஒரே ஸ்பீக்கரில். பிறகு ஒலிபெருக்கி கட்டிய விமானங்கள் காட்டுக்கு மேலே பறந்து பேசின. அந்த ஒலிபெருக்கிக்குக் கீழே இருப்பவர்களிடம் எந்தக் குமிழும் இல்லை.

பெரிய நகரங்களில் ரெடிஃபியூஷன் அதே நேரத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. அலைவரிசை தேடும் பெட்டி இருந்தால் ராத்திரியில் பீக்கிங் வானொலி கேட்கலாம். வயர் பெட்டியில் அது வராது. ஆனால் அதைக் கேட்டவர்கள் அதை ஒரு விலங்காக நினைக்கவில்லை. சிங்கப்பூரில் லீ டாய் சோர் கண்டோனீசில் கதை சொல்லும் நேரத்துக்காக ஜனங்கள் காத்திருந்தார்கள். கோப்பிக்கடைகளில் கூட்டம் நின்றது. உச்சத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள். சிங்கப்பூர் நிலையம் 2012 வரை தாக்குப்பிடித்தது.

ஒரு பொறியாளனாக நான் பொறாமைப்படும் விஷயம் இதில் ஒன்று உண்டு. கடைவரிசையின் அஞ்சடியில் ஒருவர் நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை பெட்டி, எல்லாவற்றிலும் ஒரே கதை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே தெருமுனை வரை போகலாம். ஏனென்றால் வயரில் மின்சாரம் வரும் வேகத்துக்கு எல்லாப் பெட்டியும் ஒரே கணத்தில் பேசும்.

இன்றைக்கு எட்டு அறைக்கு இதைச் செய்வதற்குள் வியர்த்துவிடும். நெட்வொர்க்கில் வரும் ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். இரண்டு கடிகாரங்களுக்கு இடையே வினாடிக்கு 50 மைக்ரோவினாடி வித்தியாசம் இருந்தால் போதும், பத்து நிமிஷத்தில் 30 மில்லிவினாடி விலகிவிடும். ஏறக்குறைய அந்த அளவைத் தாண்டினால்தான் காது இரண்டு சத்தங்களையும் தனித்தனியாக, எதிரொலியாகக் கேட்கத் தொடங்குகிறது. இதை ஆராய்ந்து ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் எழுதிய ஆய்வேடும் 1949ஆம் வருஷத்ததுதான். ஆக, ஹாலிலிருந்து சமையலறைக்கு நடக்கையில் பாட்டு உடையாமல் இருக்க, உள்ளே ஒரு மென்பொருள் ஓயாமல் கடிகாரங்களை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வயரிங்கிலும் பழையவர்கள் கெட்டிக்காரர்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 30 மீட்டர் இழுத்தால், போகவர 60 மீட்டர், வயரின் தடை மட்டுமே 1 ஓம் ஆகிவிடும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் சக்தி வயரிலேயே சூடாகப் போய்விடும். அதனால் தூரத்துக்கு அனுப்பும்போது மின்னழுத்தத்தை ஏற்றி, மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்பி, ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரில் இறக்கிக்கொள்வார்கள். மின்வாரியம் கோபுரம் நட்டு மின்சாரம் கொண்டுவருவதும் இதே கணக்கில்தான். பள்ளிக்கூடத்திலும் சூராவிலும் கோவிலிலும் இன்றைக்கும் '100 வோல்ட் லைன்' என்று ஓடுவது இதே முறை. 10 வாட் ஸ்பீக்கர் அந்த லைனுக்கு 1,000 ஓம் போலத் தெரியும். 1 ஓம் வயர் அங்கே ஒரு பொருட்டே இல்லை.

வயரிங் முடிந்ததும் புரோகிராமிங். முதலில் ஒரு அட்டவணை போடுவோம். இடப்பக்கம் அறைகள், மேலே ஒலி மூலங்கள்: போன், டிவி, வானொலி, வாசல் மணி. எந்த அறை எதைத் தேர்வு செய்யலாம், எதை மறுக்க முடியாது என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பவேண்டும். வாசல் மணி அடித்தால் பாட்டு நிற்கவேண்டும் என்பதற்கு 'முன்னுரிமை' என்று ஒரு கட்டளை. லெனின்கிராட் முற்றுகையின்போது வீட்டு வயர் வானொலிகளில் நிகழ்ச்சி இல்லாத நேரமெல்லாம் மெட்ரோனோம் ஓசையை விட்டிருந்தார்கள். மெதுவாகத் துடித்தால் ஆபத்தில்லை, வேகமாகத் துடித்தால் விமானத் தாக்குதல். முன்னுரிமை உயிரையும் காப்பாற்றியிருக்கிறது. அதை ஒரேயடியாகக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அந்தக் கட்டங்களை நிரப்பும்போது நாம் செய்வது வெறும் எஞ்சினியரிங் இல்லை.

போன வருஷம் ஒரு பங்களா. வீட்டுக்காரர் நல்ல மனிதர், எனக்கு இரண்டு வேளை சாப்பாடு போட்டவர். அட்டவணையில் அவருடைய அம்மாவின் அறைக்கு வந்தபோது சொன்னார்: "அம்மாவுக்கு எதுக்கு தம்பி சேனல் பட்டன்? குழம்பிடுவாங்க. சத்தம் கூட்டக் குறைக்க இருந்தா போதும்."

1949ஆம் வருஷத்துப் பெட்டியை அவர் வார்த்தை மாறாமல் கேட்டார்.

"அண்ணே, காலையில அவங்க என்ன கேப்பாங்க?" என்றேன்.

"மின்னல்தான். வேற என்ன."

"அப்ப நீங்க ஹால்ல வேற பாட்டு போட்டா அவங்களுக்கும் அதுதான் வரும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அம்மாவையே கூப்பிட்டுக் கேட்டார். அவர் கேட்டது ஒன்றுதான்: "எனக்கு அமத்தத் தெரிஞ்சா போதும்யா. வேணாங்கிறப்ப அமத்தணும்." மின்னலுக்கு ஒரு பட்டன், நிறுத்த ஒரு பட்டன், சத்தத்துக்கு இரண்டு என்று நாலு பட்டன் பலகை வைத்தோம். போன் தேவையில்லை. பட்டன் மேல் தமிழில் எழுத்து பொறித்துத் தந்தேன்.

இன்றைய சிக்கல் வீட்டுக்காரரோடு முடிவதில்லை. சுவிட்ச் அவர் கையிலும் முழுசாக இல்லை. 2024 மே மாதம் சோனோஸ் நிறுவனம் தன் செயலியை மாற்றியபோது, அலாரம் வைப்பது, தூங்கும் நேரத்தில் தானாக நிறுத்துவது போன்ற வசதிகள் உலகம் முழுக்க ஒரே நாளில் காணாமல் போயின. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஜனவரியில் பதவியை விட்டுப் போனார். காசு கொடுத்து வாங்கி, சொந்தச் சுவரில் மாட்டிய ஸ்பீக்கர். அதன் மூளை வேறெங்கோ. ஹைத் கடைக்காரர் இருந்த இடத்தில் இப்போது ஒரு சர்வர் இருக்கிறது.

அதனால் நான் பொருத்தும் வீடுகளில் செயலி எவ்வளவு இருந்தாலும் சரி, ஒவ்வொரு அறையிலும் கையால் தொடக்கூடிய ஒன்றை வைக்கச் சொல்லிக் கேட்கிறேன். செலவு என்று சிலர் தவிர்ப்பார்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள்.

அந்தப் பங்களாவின் அட்டவணையில் கடைசி வரிசை வீட்டு வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்து வந்திருந்த பெண்ணின் அறை. அந்த வரிசையில் பாட்டுக் கட்டங்கள் எல்லாம் காலி. வானொலி இல்லை, போன் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தது: 'அழைப்பு – முன்னுரிமை'. ஹாலில் பட்டனை அழுத்திப் பேசினால் அந்த அறையில் கேட்கும். ராத்திரி இரண்டு மணியானாலும் கேட்கும்.

அவருக்கும் ஒரு குமிழ் வைக்கலாமா என்று கேட்டேன். "அதுக்கு எதுக்கு?" என்றார், கோபமில்லாமல், நிஜமாகவே புரியாமல். சத்தம் குறைக்க, என்றேன். மேலும் 40 ரிங்கிட் ஆகும் என்பதையும் சொன்னேன்.

வைத்தோம். முழுசாக நிறுத்த முடியாத குமிழ், குறைக்க மட்டும்தான். ரெடிஃபியூஷன் சந்தாதாரருக்கு 1949இல் கிடைத்ததைவிட அது குறைவுதான்.