கொற்கை எப்படி கொல்கோய் ஆச்சு?

கருங்கடல் ஓரத்து கொல்கிஸ் நாடு நம்ம கொற்கைக்காரங்க போய்க் குடியேறிய இடம் என்று பல வருஷம் நண்பர்களிடம் அடித்துப் பேசியிருக்கிறேன். கையில் இருந்த ஆதாரம் ஒண்ணே ஒண்ணு. கிரேக்கர்கள் கொற்கையையும் 'கொல்கோய்' என்று எழுதினார்கள், கொல்கிஸ் மக்களையும் 'கொல்கோய்' என்றே எழுதினார்கள். ஹெரோடோட்டஸ் வேறு அந்த மக்களைக் கருநிறத்தவர், சுருட்டை முடிக்காரர் என்கிறார். அதே இடத்தில் அவர்களை எகிப்தியர் வழி என்று சொல்வதை நான் வசதியாகத் தாண்டிப் போயிட்டேன்.

இப்போது அந்தக் கருத்தை வாபஸ் வாங்குகிறேன். காரணம் எழுத்தில் இருக்கிறது.

கி.பி. 1-ஆம் நூற்றாண்டின் பெரிப்ளூஸ், பாண்டிய மன்னனுக்குரிய கொல்கோயில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. 2-ஆம் நூற்றாண்டில் தாலமியும் அதே பெயரைத் தருகிறார். நம்ம 'க' ஒலிக்கு கிரேக்கத்தில் 'கப்பா' என்ற எழுத்து உண்டு. பெரிப்ளூஸில் குமரி 'கொமர்' என்று அந்த கப்பாவோடுதான் வருகிறது. கொற்கைக்கு மட்டும் நடுவில் மூச்சொலி கலந்த 'க்ஹ' வருவானேன்? அடுத்தது, 'ஐ' விகுதி. ஏதென்ஸுக்கு அவர்கள் மொழியில் 'அதேனை' என்றுதான் பெயர். 'கொற்கை'யை அப்படியே எழுத ஒரு தடையும் இல்லை. ஆனாலும் 'ஒய்' போட்டார்கள். இரண்டு மாற்றமும் ஒரே திசையில் போகுது பாருங்க, ஏற்கெனவே தெரிந்த கருங்கடல் பெயரை நோக்கி. போய்ட்டிங்கர் வரைபடம் என்கிற ரோமானியச் சாலை வரைபடத்தில் 'கொல்கிஸ் இந்தோரம்', அதாவது இந்தியர்களின் கொல்கிஸ், என்றே இருக்கிறது. நம்ம போன் கீபோர்டு செய்யும் ஆட்டோ கரெக்ட் வேலைதான் இது!

கருங்கடல் பெயருக்குத் தனி வரலாறு உண்டு. கி.மு. 8-ஆம் நூற்றாண்டு உரார்ட்டு கல்வெட்டில் வரும் 'குல்ஹா'வைத்தான் பல அறிஞர்கள் கொல்கிஸ் என்கிறார்கள். கிரேக்கக் கப்பல்கள் நம்ம கரைக்கு வாடிக்கையாக வந்தது அதற்குப் பல நூற்றாண்டு கழித்து. கொற்கையும் பழசுதான். 1968-69 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 8-ஆம் நூற்றாண்டை ஒட்டி வருகிறது. ஆனால் ஊர் பழசு என்பதால் இரண்டு பெயரும் ஒன்றாகிவிடாது.

'ற்' எப்படி 'ல்' ஆச்சு? இதில் கால்டுவெல் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. நெல் + கதிர் = நெற்கதிர் மாதிரி, கொல் + கை = கொற்கை; கிரேக்கர் பழைய 'ல்'லைக் காப்பாற்றி வைத்தார்கள். ஆனால் அவர் 'கொல்லும் கை', அதாவது படை, பாசறை என்று பொருள் கொண்டது இலக்கணத்தில் உதைக்கிறது. வினைத்தொகையில் 'ல்' திரியாது. கொல்களிறு என்போம், கொற்களிறு என்று யாரும் சொல்வதில்லை. கொல் என்பது பெயர்ச்சொல்லாக, கொல்லன் தொழிலாக இருந்தால் திரியும். சங்க இலக்கியத்தில் கொல்லன் பட்டறைக்குக் 'கொற்றுறை' என்றே பெயர். என் ஓட்டு இந்தப் பக்கம். கிரேக்கர் 'ர்'ரைக் கேட்டு, கொல்கிஸ் ஞாபகத்தில் 'ல்' போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் பந்தயம் கட்ட மாட்டேன்.

எங்க ஊரே வெள்ளைக்காரன் காலத்து ஆவணங்களில் சங்கரநயினார்கோவில். இன்று சங்கரன்கோவில், சங்கரன்கோயில் என்று போர்டுக்கு ஒரு விதம். ஊர்க்காரர்களே இப்படி என்றால் மாலுமியைக் குறை சொல்லி என்ன பண்ண?

அடுத்து தாமிரபரணி. தாலமி அதை 'சோலேன்' என்கிறார். பொருநைக்கும் அந்தப் பெயருக்கும் ஒலியில் ஒட்டே இல்லை. கிரேக்கத்தில் சோலேன் என்றால் குழாய். நீள ஓடுள்ள ஒரு சிப்பிக்கும் அதே பெயர். முத்துச் சிப்பிக் கரையில் விழும் ஆற்றுக்கு இந்தப் பெயர். இந்தத் தடவை அவசரப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை.