பத்தியம் சமைத்தவள்

நோயுற்ற விலங்குகளுக்கான பத்திய உணவின் வரலாற்றைப் பெரும்பாலும் 1939இலிருந்து தொடங்குகிறார்கள். அமெரிக்காவில் பார்வையற்ற மாரிஸ் பிராங்க், சிறுநீரகம் பழுதான தன் வழிகாட்டி நாயைக் கால்நடை மருத்துவர் மார்க் மாரிஸிடம் கொண்டுபோனார். அவர் புரதத்தையும் உப்பையும் குறைத்து ஓர் உணவை வகுத்தார். 1948இல் அது டின்னில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதை முதலில் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்தது அவர்கள் வீட்டுச் சமையலறையில். கூட நின்று உழைத்தவர் மனைவி லூயிஸ். மருத்துவரின் பெயரே நிலைத்தது.

நாய்க்குத் தொடங்கிய இந்தப் பத்தியம் பிறகு பூனைக்கும் வந்தது. பூனையின் தேவை வேறு. அதன் உடல் போதிய டாரினைத் தயாரிப்பதில்லை. உணவிலிருந்தே பெற வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை கெடும் என்பதை 1975இலும், இதயத் தசை தளரும் என்பதை 1987இலும் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

என் வீட்டில் மூன்று பூனைகள். கிழவிக்குச் சிறுநீரக நோய். பாஸ்பரஸ் குறைந்த உணவு. குட்டிக்குக் கொழுப்பும் புரதமும் கூடுதல். பருத்த கடுவனுக்கு அளந்த உணவு. குட்டியின் கிண்ணத்தில்தான் மற்ற இரண்டுக்கும் கண். ஆகவே தனித்தனி அறை, குறித்த நேரம், மீந்ததை உடனே எடுத்துவிடுவது, யார் எவ்வளவு தின்றார்கள் என்ற கணக்கு.

இந்த வேலை நமக்குப் புதிதல்ல. மாமனாருக்குச் சர்க்கரையில்லாமல், பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக்குழம்பு, குழந்தைக்குக் காரமில்லாமல் என்று ஒரே அடுப்பில் நாலு சமையல் செய்தவர்கள் நம் பெண்கள். பத்தியம் சொன்ன வைத்தியரை ஊர் நினைவில் வைத்திருக்கும். சமைத்துப் போட்டுக் காவலிருந்தவளை வைத்திருக்காது. அவளையும் சேர்த்து எழுதினால்தான் அது முழு வரலாறு.