பேட்டையும் மகமையும்

வணிகத்திற் புதியோர் புகுதற்குக் காரணம் பொருளாசை ஒன்றே என்பர் சிலர். பொருளாசை எல்லார்க்கும் எக்காலத்தும் உளது. அங்ஙனமாகவும், புதுக்கடைகள் ஓரிடத்தே பெருகுதலும் பிறிதோரிடத்தே தோன்றாதொழிதலும் என்னை? இவ்வினாவிற்கு நாடார் குலத்து வணிக வரலாறே தக்க விடை பகரும்.

திருநெல்வேலிச் சீமையின் தென்பாகத்தே கருப்புக்கட்டியும் உப்பும் கருவாடும் மலிந்திருந்தன. வடக்கே உள்நாட்டில் அவை அரியனவாயிருந்தன. மலிந்தவிடத்து வாங்கி அரியவிடத்து விற்பார்க்கு ஊதியம் உண்டென்பது வெளிப்படை. எனினும் வழிப்பறி அச்சம், இராத்தங்க இடமின்மை, அயலூரிற் கைகொடுப்பார் இன்மை என்னும் மூன்றும் புதியோரைத் தடுத்தன. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்தபின் வழிகள் மெல்ல அமைதியுற்றன. முதற்றடை சிறிது தளர்ந்தது.

ஏனைய இரண்டையும் தளர்த்தினார் நம் முன்னோரே. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். வண்டியும் மாடும் சரக்கும் ஆண்டு அச்சமின்றித் தங்கின. தங்கிய வணிகர் சரக்கின் அளவிற்கேற்ப மகமை செலுத்தினர். அம்மகமை பொதுப்பொருளாய்த் திரண்டது. பேட்டையிற் கூடினார்க்கு எவ்வூரில் எச்சரக்கு என்ன விலை என்னும் செய்தியும் எளிதிற் கிடைத்தது. பெருங்கடையில் ஏவலராய்ப் பழகிய இளைஞர் பின்னர்த் தனிக்கடை வைத்தலும் வழக்காயிற்று.

1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இருப்புப்பாதை இணைந்தது. விருதுபட்டி அதன்மேல் அமைந்து பெருஞ்சந்தையாய் வளர்ந்தது. 1889இல் ஆண்டு க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. மகமைப்பொருளே அதற்கு ஊற்றாயிற்று. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. அதுவே 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது.

இவற்றால் நாம் அறியத்தக்கது யாது? ஊதியம் புதியோரை அழைக்கும். காவலும் கடனும் பயிற்சியுமே அவரை உள்ளே புகுத்தும்.

அன்பர்காள்! இன்று பெருமுதல் உடைய நிறுவனங்கள் சரக்கை மொத்தமாய்க் கொண்டு குறைந்த விலைக்கு விற்கின்றன. அவற்றின் எதிரே சிறுமுதலொடு தனித்து நிற்கும் இளைஞன் தயங்குவானாயின், அவனைக் கோழையென்று இகழ்தல் முறையன்று. மகமை விழாவிற்கு மட்டுமே செலவாதல் சாலாது. அதில் ஒரு பகுதியைப் புதுக்கடை தொடங்குவார்க்குக் கடனாக ஈதலும், சிறு கடைக்காரர் பலர் கூடி ஒருங்கே சரக்குக் கொள்ளுதலும் ஊர்தோறும் நிகழ்தல் வேண்டும். முன்னோர் கட்டிய மதில் இன்று தேவையின்று. அவர் காட்டிய ஒற்றுமையோ என்றும் தேவை.